கிளாம்ப் போதுமா, போல்ட் வேண்டுமா? சின்ன அலுமினியப் படகில் அவுட்போர்டு மோட்டாரைப் பொருத்தும் வழிகள்

சின்ன அலுமினியப் படகு வாங்கும் நண்பர்கள் முதலில் கேட்பது, எத்தனை குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்பக்கம் வெளியே தொங்கும் மோட்டார், வாங்கலாம் என்பதைத்தான். அடுத்தது, எந்த பிராண்ட். அந்த மோட்டாரைப் படகோடு எது பிடித்து வைத்திருக்கப் போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கடைக்காரரும் படகின் பின்பலகையைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு கிளாம்ப் திருகுகளைக் கையால் முறுக்கிக் காட்டி, அவ்வளவுதான் என்று சொல்லிவிடுகிறார். அசையாத குளத்தில் அது போதும். மும்பையில் போதாது. இங்கே பெரிய ஏற்றத்தின்போது கடல் மட்டம் 4.5 மீட்டரைத் தாண்டுகிறது, இறக்கத்தில் அதே இடம் சேற்றுத் திட்டாகக் கிடக்கிறது. ஐரோலிப் பக்கமோ வாஷிப் பாலத்துக்குக் கீழேயோ நீரோட்டம் எதிர்த்து நிற்கும்போது மோட்டாரை நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓட்டித்தான் ஆக வேண்டும். அங்கே மோட்டார் கழன்று போனால் போவது மோட்டார் மட்டுமில்லை, கரைக்குத் திரும்பும் வழியும்தான்.

இந்த முடிவை எடுக்க நான் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: மோட்டார் ராத்திரி எங்கே இருக்கும்? வீட்டுக்கு வருமா, படகிலேயே இருக்குமா? பாதி முடிவு இந்தப் பதிலில் வந்துவிடும். மீதிப் பாதி மோட்டார் தொங்குகிற பின்பலகையில் இருக்கிறது. டிரான்சம் என்று சொல்கிறோமே, அது.

டிரான்சம் என்ன பாடு படுகிறது

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 9.9 குதிரைத்திறன் மோட்டார் நின்ற இடத்தில் முழு விசையில் தள்ளும்போது, புரொபெல்லரைப் பொறுத்து, தோராயமாக 90 முதல் 100 கிலோ உந்துவிசை வரும். இந்தத் தள்ளல் கிளாம்ப் இருக்கும் இடத்தில் நடப்பதில்லை, அதற்கு அரை மீட்டருக்கும் கீழே நடக்கிறது. அதனால் மோட்டாரைப் படகில் மாட்டும் சட்டமான பிராக்கெட்டின் கீழ்ப்பகுதி பின்பலகையை முன்னோக்கி அழுத்தும், மேல்பகுதி அதைப் பின்னோக்கி இழுக்கும். மேல் விளிம்பில் அந்த இழுப்பு நூறு கிலோவைத் தாண்டிவிடும். ரிவர்ஸ் கியர் போட்டால் எல்லாம் தலைகீழ். திருப்பும்போது பக்கவாட்டு முறுக்கல் வேறு. இதற்கெல்லாம் மேல், மோட்டாரின் எடை ஒவ்வொரு அலைக்கும் குதித்து இறங்குகிறது. 2.5 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் சுமார் 17 கிலோ, 9.9 வந்தால் சுமார் 40 கிலோ.

சின்னப் படகுகளின் அலுமினியத் தகடு பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டர் சுற்றுவட்டாரம்தான். இந்த விசையைத் தகடு தாங்குவதில்லை. தகட்டுக்கு உள்ளே வைத்திருக்கும் மரப்பலகைதான் தாங்குகிறது. செகண்ட் ஹேண்ட் படகில் அந்தப் பலகை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் கிளாம்பா போல்ட்டா என்று விவாதிப்பது வீண்.

நண்பர் ஒருவர் வாங்கிய பழைய பன்னிரண்டு அடிப் படகை தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டு போயிருந்தோம். ஆர்கன் வெல்டிங் செய்கிறவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் வெல்டிங் டார்ச்சைத் தொடவே இல்லை. ஸ்பானரின் கைப்பிடியால் பின்பலகையை இடமிருந்து வலமாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரங்களில் சத்தம் கணீரென்று இருந்தது, நடுவில், சரியாக மோட்டார் உட்காரும் இடத்தில், தொப்பென்று அடங்கியது. பழைய போல்ட் ஒன்றைக் கழற்றினார். துளையிலிருந்து டீ டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. "அண்ணாச்சி, தகட்டுக்கு ஒண்ணும் ஆகல. உள்ள இருக்க கட்டைதான் போச்சு. இதுல எதப் போட்டு மாட்டினாலும் நிக்காது," என்றார். பலகையை வெளியே எடுத்தபோது விரலால் பிய்க்க வந்தது. அது ஒட்டியிருந்த இடத்தில் அலுமினியம் முழுக்க வெள்ளைப் பொடி.

நீங்களே சோதிக்க இன்னொரு வழி இருக்கிறது. மோட்டாரை மாட்டி, சற்றுத் தூக்கிய நிலையில் லாக் செய்துவிட்டு, கீழ்ப்பகுதியைக் கையால் மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். இன்னொருவர் பின்பலகையைப் பார்க்கட்டும். மோட்டார் அசைவது சகஜம். பின்பலகையே மூச்சு விடுவதுபோல் உள்ளேயும் வெளியேயும் போனால் பலகை போய்விட்டது என்று அர்த்தம்.

பலகை மாற்ற வேண்டுமென்றால்

மூன்று பொருட்களைச் சொல்வார்கள். ஒன்று மரைன் பிளைவுட். கடையில் "மரைன்" என்ற வார்த்தையை எல்லாரும் தாராளமாகச் சொல்வார்கள், நீங்கள் பார்க்க வேண்டியது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை. ஐ.எஸ். 303 என்று இருந்தால் அது வீட்டு அலமாரிக்கு ஆகும் பொதுவான பிளைவுட். 19 மி.மீ. தாள்கள் இரண்டை எபாக்ஸி என்னும் இறுகும் பிசினால் ஒட்டினால் 38 மி.மீ. கிடைக்கும், பெரும்பாலான சின்னப் படகுகளுக்கு அது பொருந்தும். ஒட்டிய பிறகு எல்லாப் பக்கமும், முக்கியமாக வெட்டிய ஓரங்களில், எபாக்ஸி குறைந்தது இரண்டு மூன்று பூச்சு வேண்டும். கரையானுக்காகத் தாமிர உப்பு ஏற்றிய மரத்தை மட்டும் வைத்துவிடாதீர்கள். மரம் கெடாது, ஆனால் ஈரத்தில் அந்தத் தாமிரம் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

இரண்டாவது எச்.டி.பி.ஈ. என்னும் கெட்டியான பிளாஸ்டிக் பலகை. அழுகாது, தண்ணீர் குடிக்காது என்பதால் மும்பை மழைக்கு இதுதான் சரி என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தொடர்ந்து அழுத்தம் இருந்தால் அது மெல்ல நசுங்கிக் கொடுக்கும், இன்று இறுக்கிய கிளாம்ப் அடுத்த மாதம் தளர்ந்திருக்கும். பசையும் ஒட்டாது. இருபுறமும் அலுமினியத் தகடு வைத்து நடுவில் போட்டால் சரி, தனியாக வேண்டாம்.

மூன்றாவது, 5 அல்லது 6 மி.மீ. கனத்தில் 5052 அல்லது 5083 ரக அலுமினியத் தகட்டை ஆர்கன் வெல்டிங்கில் சேர்ப்பது. பற்றவைத்துக் கட்டிய படகென்றால் இது நல்ல வழி. ரிவெட் அடித்த படகின் மெல்லிய தகட்டில் தெரியாதவர் கைவைத்தால் சூட்டில் கோணிவிடும். நான் சொல்வது: உள்ளே ஐ.எஸ். 710 பிளைவுட், அதற்கு மேல் உள்பக்கமும் வெளிப்பக்கமும் மோட்டார் படும் அளவுக்கு அலுமினியத் தகடு. விசை பரவும், மரமும் நசுங்காது.

கிளாம்ப் மட்டும்

சுமார் 20 குதிரைத்திறன் வரைக்குமான கையடக்க மோட்டார்கள் பெரும்பாலும் கிளாம்ப் திருகுகளோடுதான் வருகின்றன. பெரிய வசதி, கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். 2.5 முதல் 6 குதிரைத்திறன் வரை ஒரு ஆள் தூக்கி கார் டிக்கியில் வைத்துவிடலாம். செம்பூரிலோ முலுண்டிலோ அடுக்குமாடியில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தண்ணீருக்குப் போகிறவருக்கு இதைவிட வசதி கிடையாது. பின்பலகையில் துளையும் இல்லை, ஆகவே தண்ணீர் உள்ளே போக வழியும் இல்லை. வீட்டுக்குக் கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்: ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாரை மேனுவலில் சொன்ன பக்கமாகத்தான் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும். பெட்ரோலை ஃபிளாட்டுக்குள் வைக்கவே வேண்டாம்.

இதன் பலவீனம் அதிர்வு. திருகு முழுக்கக் கழல வேண்டியதில்லை. கால் சுற்று தளர்ந்தாலே பிராக்கெட் பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும், நகர நகர இன்னும் தளரும். அதற்கப்புறம் ஒரு வேகமான திருப்பமோ சேற்றில் ஒரு இடியோ போதும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் எப்போதும் பின்னால்தான் விழும் என்று நினைக்காதீர்கள், சுழலும் புரொபெல்லரோடு படகுக்குள்ளேயே பாய்ந்து வரலாம். அதனால்தான் இழுபட்டால் மோட்டாரை நிறுத்திவிடும் கயிறான கில் கார்டு மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டியிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மோட்டாரின் மேல் மூடியில் தொங்கவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது.

கிளாம்ப்தான் உங்கள் முடிவென்றால் அதைத் தனியாக விடாதீர்கள். முதலில், திருகின் வட்டத் தட்டு படும் இடத்தில் உள்பக்கம் ஒரு அலுமினியத் தகடு வையுங்கள். அதன் மேல் விளிம்பு சற்று முன்னால் வளைந்து உதடுபோல் நிற்கட்டும். திருகு தளர்ந்தாலும் வட்டத் தட்டு அந்த உதட்டில் மாட்டி நிற்கும், மோட்டார் மேலே எகிறாது. எந்த ஃபேப்ரிகேஷன் கடையிலும் செய்து தருவார்கள். தகடே இல்லாமல் மரத்தில் நேராக இறுக்கினால் வட்டத் தட்டு பிளைவுட்டில் குழி போடும். அந்தக் குழியில் தண்ணீர் தங்கும், அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

அடுத்தது பாதுகாப்புக் கம்பி. நிறைய மோட்டார்களின் பிராக்கெட்டில் இதற்கென்றே ஒரு துளை இருக்கும், அதைப் பயன்படுத்தச் சொல்லி மேனுவலிலேயே எழுதியிருப்பார்கள். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 கம்பிக் கயிறு அல்லது சங்கிலியை அதில் மாட்டி, படகில் பலமான ஒரு வளையத்தில் கட்டுங்கள். மோட்டாரைத் தூக்கும் கைப்பிடியில் கட்ட வேண்டாம். நீளம் குறைவாக இருக்க வேண்டும். நீளமான கயிறு மோட்டாரைக் காப்பாற்றாது, தண்ணீருக்குள் தொங்கவிட்டுப் படகின் பின்புறத்தை இழுக்கும்.

இரண்டு கிளாம்ப் திருகுகளின் கைப்பிடிகளையும் சேர்த்து மூடும் குழாய்ப் பூட்டு ஒன்றும் கிடைக்கிறது. திருட்டுக்காக விற்கிறார்கள், எனக்கு அதில் பிடித்தது வேறு. பூட்டு இருக்கும்வரை கைப்பிடிகள் சுற்ற முடியாது, அதாவது திருகும் தளராது. கிளம்பிப் பதினைந்து, இருபது நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தித் திருகுகளைத் தொட்டுப் பார்த்து, இறுக்கி, அப்புறம் பூட்டுங்கள்.

போல்ட்

படகு ஜெட்டியிலோ கரையிலோ தங்கி, மோட்டாரும் அதிலேயே தங்குமென்றால் எனக்குச் சந்தேகமே இல்லை: துளை போட்டு போல்ட் மாட்டுங்கள். 9.9 குதிரைத்திறனுக்கு மேல் போகிறவர்களுக்கும், துறைமுகப் பக்கம் பெரிய படகுகள் கிளப்பும் அலையில் ஓட்டுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். 25, 30 தாண்டிவிட்டால் யோசிக்கவே வேண்டாம், அந்த மோட்டார்களில் பொதுவாகக் கிளாம்ப் கைப்பிடியே இருக்காது. அந்த அளவைத் தாங்கும் படகுதானா என்று முதலில் படகில் பதித்திருக்கும், தாங்கும் அளவைச் சொல்லும் கெபாசிட்டி தட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன மோட்டாரிலும் போல்ட்டா என்று கேட்பீர்கள். பல பிராக்கெட்டுகளில் கிளாம்ப்புக்குக் கீழே இரண்டு துளையோ நீள்துளையோ விட்டிருப்பார்கள். கிளாம்ப்பையும் இறுக்கி, அந்தத் துளைகளில் இரண்டு போல்ட்டையும் போட்டால், ஒன்று தளர்ந்தாலும் மற்றது பிடிக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

ஆனால் போல்ட் என்பது பின்பலகையில் போடும் ஓட்டை. சரியாக அடைக்காத ஓட்டை, தாராவியில் பார்த்த அந்தப் படகில் செய்ததைத்தான் செய்யும். கீழ்த் துளைகள் சில படகுகளில் நீர்மட்டத்தை ஒட்டியே வரும். ஆகவே இதை அவசரமாகச் செய்யக் கூடாது. முதலில் தேவைக்குச் சற்றுப் பெரிய துளை போடுங்கள். அதில் கெட்டியாக்கிய எபாக்ஸியை நிரப்பி, நன்றாக இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். போல்ட் மரத்தைத் தொடாது, தண்ணீர் நுழைந்தாலும் மரத்துக்குப் போகாது. துளையிலும் போல்ட் தலைக்குக் கீழும் பாலியூரித்தேன் மரைன் சீலன்ட். குளியலறைக்கு வாங்கும் வினிகர் வாசனை சிலிக்கான் வேண்டாம், அது காயும்போது வெளிவிடும் அமிலம் அலுமினியத்தை அரிக்கும்.

போல்ட் எஸ்.எஸ். 316. நாக்தேவி தெருவில் கேட்டால் 304-ஐ எடுத்து நீட்டுவார்கள், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. தலையில் ஏ4 என்று அச்சிட்டிருந்தால் அது 316 ரகம், ஏ2 என்றால் 304. உப்புத் தண்ணீரில் 304 சீக்கிரமே பழுப்புக் கறை விடும். பித்தளை வேண்டவே வேண்டாம். விட்டம் மேனுவலில் சொன்னதே. தலை வெளியே, நட் உள்ளே. உள்பக்கம் சின்ன வாஷர் போதாது, இரண்டு போல்ட்டையும் சேர்த்துத் தாங்கும் ஒரே தகடு வையுங்கள். தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட் போடும்போது, திரெட்டில் இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை தடவிக் கையால் மெதுவாக இறுக்குங்கள். எஸ்.எஸ். மேல் எஸ்.எஸ். வேகமாகச் சுழன்றால் சூட்டில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நட்டிலிருந்து தகடு வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது, ஸ்பானர் இல்லாமலே தெரிந்துவிடும்.

எஸ்.எஸ்., அலுமினியம், உப்புத் தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் கரைவது அலுமினியம்தான். அதனால் வாஷருக்கும் தகட்டுக்கும் நடுவே நைலான் வாஷரோ சீலன்ட் படலமோ இருக்கட்டும். மோட்டாரின் அலுமினியத்துக்குப் பதில் தானே கரையும் துண்டான ஆனோடுக்கு மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், அடித்தால் அது வேலை செய்யாது. படகின் அடியில் பாசி பிடிக்காமலிருக்க அடிக்கும் பெயின்ட்டும் தாமிரம் கலக்காததாக இருக்கட்டும்.

படகிலேயே தங்கும் மோட்டாருக்குக் கிளாம்ப் மட்டும் போட்டு வைப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. மாதக்கணக்கில் திருகைத் தொடாமல் விட்டால் உப்பு ஏறி இறுகிவிடும். தளர வேண்டாத நேரத்தில் தளரும், கழற்ற வேண்டிய நேரத்தில் கழலாது. மரைன் கிரீஸ் தடவி, அவ்வப்போது திருகைச் சுற்றி விட வேண்டும்.

தூக்கும் பிராக்கெட்

பின்பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்பிரிங் வைத்த பிராக்கெட் மூன்றாவது வழி. பெரிய படகில் உபரி மோட்டாருக்கு நல்லது. பன்னிரண்டு அடிப் படகில் முதன்மை மோட்டாருக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 40 கிலோவை இன்னும் 25 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி வைக்கிறீர்கள். பின்பலகைக்கு முறுக்கல் கூடும், படகின் பின்புறம் அமிழும், மூக்கு தூக்கும். அதோடு இந்த பிராக்கெட்டையும் போல்ட் போட்டுத்தான் மாட்ட வேண்டும், துளையைத் தவிர்த்த மாதிரியும் இல்லை.

மோட்டாரின் தலையிலிருந்து புரொபெல்லர் பக்கம் இறங்கும் ஷாஃப்ட்டின் நீளம் பொருந்தாதபோதுதான் பலர் இதைத் தேடுகிறார்கள். வாங்கும் முன்பே அளந்துவிட்டால் அந்தச் சிக்கல் வராது. பின்பலகையின் மேல் விளிம்பு நடுவிலிருந்து அடிப்பாகம் வரை அளவெடுங்கள். சுமார் 15 அங்குலம் வந்தால் ஷார்ட் ஷாஃப்ட், 20 என்றால் லாங் ஷாஃப்ட். புரொபெல்லருக்கு மேலே படுக்கையாக இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் வரை கீழாகவோ நின்றால் சரி. மேலே போனால் புரொபெல்லர் காற்றை இழுக்கும். ரொம்பக் கீழே போனால் இழுவை கூடும், இறக்க நேரத்தில் சேற்றிலும் முதலில் இடிக்கும்.

படகை மெதுவாக நகர்த்தும் சின்ன எலெக்ட்ரிக் டிரோலிங் மோட்டார் என்றால் இந்த விவாதமே தேவையில்லை. கிளாம்ப் போதும், ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

நான் தேர்ந்தெடுப்பது

6 குதிரைத்திறன் வரை, மோட்டார் தினமும் வீட்டுக்கு வருகிறது என்றால் கிளாம்ப், உதடு வைத்த தகடு, குட்டையான கம்பிக் கயிறு, குழாய்ப் பூட்டு. படகிலேயே இருக்கும் மோட்டாருக்கு, எந்தத் திறனாக இருந்தாலும், கிளாம்ப்போடு சேர்த்து போல்ட். 8 முதல் 15 வரை உள்ளவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். 40 கிலோவை வழுக்கும் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவதே ஆபத்து. அவர்கள் பாதுகாப்பான இடம் ஒன்றைப் பிடித்து மோட்டாரைப் படகிலேயே விட்டு, போல்ட் போட்டுவிடலாம். ஜூன், ஜூலை மழையில் கடல் பக்கம் போகவே முடியாது, அப்போது கழற்றி நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவி, உள்ளே எடுத்து வைத்தால் போதும். தாணே கிரீக்கின் சரணாலயப் பகுதிக்குள் பூநாரை பார்க்கப் போகிறவர்களுக்கு வனத்துறை அனுமதி தனியாக வேண்டும், படகுப் பதிவு விஷயங்களை மகாராஷ்டிரா மாரிடைம் போர்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் பொருத்தினாலும் முதல் ஓட்டத்துக்கு முன்னால் படகை ஜெட்டியில் இரண்டு கயிறு போட்டுக் கட்டி, முன் கியரில் மெதுவாக விசையைக் கூட்டிப் பாருங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்பலகையின் மேல் விளிம்பைக் கவனிக்கட்டும். பிறகு நியூட்ரல், அப்புறம் ரிவர்ஸ். ரிவர்ஸில் மோட்டார் எழும்பினால் மோட்டார் மேலே எழாமல் பிடித்து வைக்கும் டில்ட் லாக் பிடிக்கவில்லை என்று அர்த்தம், கிளாம்ப்பைக் குறை சொல்வதற்கு முன் அதைப் பாருங்கள். சேற்றுத் திட்டுகள் இருக்கும் இடத்தில் முன்னோக்கி ஓட்டும்போது, கியரோடு தானாக மாறாத மாடல் என்றால், அந்த லாக்கை விடுவித்தே வையுங்கள். இடித்தால் மோட்டார் தானாக மேலே எழட்டும். எழ முடியாமல் போனால் அந்த இடி முழுக்கப் பின்பலகைக்குத்தான்.